அறுபதாயிரம் ரூபாய்க்குள் கேமிங் கணினி: கடைக்காரர் தந்த கொட்டேஷனில் எவற்றை மாற்றுவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பிக்காக ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்ய வேண்டியிருக்கிறது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவை வீட்டில் இருக்கின்றன. மற்றவற்றுக்கு, ஜிஎஸ்டி உட்பட 60,000 ரூபாய்க்கு மேல் செலவிட எங்களால் இயலாது. மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். தம்பி பெரும்பாலும் வாலரண்ட், ஜிடிஏ 5 ஆகியவற்றை விளையாடுவான். கணினி வந்ததும் சைபர்பங்க் 2077 விளையாடப் போவதாக இப்போதே நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவ்வப்போது கல்லூரி விழாக்களின் வீடியோக்களை எடிட் செய்யும் பழக்கமும் உண்டு.

மதுரையில் ஒரு கடையில் கேட்டபோது, இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசசர், எச்610 மதர்போர்டு, ஒரே குச்சியாக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியுடன் 1 டிபி ஹார்டு டிஸ்க், '700 வாட்' என்று எழுதப்பட்ட ஒரு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), முன்பக்கம் முழுவதும் கண்ணாடியுடன் ஆறு ஆர்ஜிபி ஃபேன்கள் கொண்ட கேபினெட் என்று எழுதிக் கொடுத்தார்கள். மொத்தத் தொகை எங்கள் வரம்புக்குள்தான் வருகிறது. இதை அப்படியே வாங்கலாமா, எதையாவது மாற்றச் சொல்ல வேண்டுமா என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

தறிக்காரன் எழுதியது:

கடைக்காரர் ப்ராசசர் விஷயத்தில் உங்களை ஏமாற்றவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 12400எஃப் ஆறு கோர்களும் பன்னிரண்டு த்ரெட்களும் கொண்டது. 2022 ஜனவரியில் வந்ததென்றாலும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுபவருக்கு அது இன்றும் குறை வைக்காது. எச்610 எளிய போர்டுதான். ஆனால் ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட) முடியாத இந்த ப்ராசசருக்கு அதைவிட விலையுயர்ந்த போர்டு வாங்குவதால் விளையாட்டில் எந்த மாற்றமும் தெரியப் போவதில்லை. எச்610 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகை ரேமுக்கும் தனித்தனியாக விற்கப்படுவதால், பில்லில் டிடிஆர்4 மாடல்தானா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிக்கல் மற்ற பாகங்களில் இருக்கிறது. சைபர்பங்கை உருவாக்கியவர்களே அறிவித்திருக்கும் குறைந்தபட்சத் தேவை 12 ஜிபி ரேமும், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டும் ஆகும். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அந்த விளையாட்டு ஹார்டு டிஸ்க்கைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 70 ஜிபி இடமுள்ள எஸ்எஸ்டி கட்டாயமாகிவிட்டது. இந்தக் கொட்டேஷனில் உள்ள ரேமும் கார்டும் அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட எட்டவில்லை. விண்டோஸுக்குப் போக 256 ஜிபியில் மிஞ்சும் இடத்தில் சைபர்பங்கும் ஜிடிஏ 5-உம் சேர்ந்து இருப்பதும் கடினம். தம்பி எதற்காகக் கணினி கேட்கிறாரோ அதையே இது நன்றாகச் செய்யாது என்றால், தொகை வரம்புக்குள் வருவதில் பயன் என்ன?

ஹார்டு டிஸ்க்கை நீக்கிவிட்டு ஒரே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை) எடுங்கள்; 1 டிபி கட்டுப்படியாகாவிட்டால் 500 ஜிபியில் தொடங்கலாம். ஆர்ஜிபி கேபினெட்டைக் கைவிட்டு, அந்தப் பணத்தையும் கார்டில் சேருங்கள். கார்டுக்கு மட்டும் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்குவது என் வழக்கம். ரேம், எஸ்எஸ்டி விலைகள் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருப்பதால் ரூபாய்க் கணக்கை நான் இங்கே எழுதவில்லை.

செம்பருத்தி எழுதியது:

தறிக்காரன் எஸ்எம்பிஎஸ் பற்றி எழுதாமல் விட்டுவிட்டார். இந்தக் கொட்டேஷனில் எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 700 என்ற எண்ணை மறந்துவிட்டு, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணை ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்களும், ஒவ்வொன்றின் கீழும் எத்தனை ஆம்பியர் என்ற எண்ணும் இருக்கும். இன்றைய கணினியில் ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுவதையும் 12 வோல்ட் தடத்திலிருந்தே இழுக்கின்றன. ஆகவே 12 வோல்ட் கட்டத்தின் கீழ் உள்ள ஆம்பியரை 12 ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படும் வாட். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பெருக்குத்தொகை 500 வாட்டைத் தாண்டியிருக்கும். கேபினெட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவு வகைகளில் அது பாதியைக்கூட எட்டாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'80 பிளஸ்' முத்திரையைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உள்ளே ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் சரியாக இருக்கின்றனவா என்பதைச் சொல்வதில்லை. இருந்தாலும் முத்திரை பெற்ற, ஐந்தாண்டு வாரண்டி தரும் ஒரு 550 வாட் 'ப்ரான்ஸ்' (Bronze) தர வகையை வாங்கினால் இரண்டு கவலைகளும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்று மாலை கடைக்குச் சென்று அந்த ஸ்டிக்கரைப் படித்தேன். 12 வோல்ட் கட்டத்தின் கீழ் 18 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 216 வாட்தான் வருகிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதைத்தான் போட்டுத் தருகிறோம், ஒன்றும் ஆனதில்லை" என்று சொன்னார்.

இன்னொரு தகவலை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் அலுவலகத்தில் பயன்படுத்தி ஓரம் கட்டிய ஒரு பிராண்டட் கணினி வீட்டில் இருக்கிறது. ஐ3-9100 ப்ராசசர், 8 ஜிபி டிடிஆர்4 2666 ரேம் ஒரு குச்சி. அதில் ஒரு கார்டை மட்டும் சொருகிவிட முடியுமா என்று பார்த்தேன்; பெட்டி மிகவும் ஒல்லியானது, முழு உயரக் கார்டு உள்ளே நுழையாது. எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவத்தில் இருக்கிறது.

நெடுஞ்சாலை எழுதியது:

எல்லாரும் 12400எஃப் நல்லது என்று சொல்லிவிட்டதால், எதிர்த்தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். 12400எஃப் பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் (போர்டில் ப்ராசசர் அமரும் இடம்) காலம் முடிந்துவிட்டது. இன்டெல் அடுத்த தலைமுறையை வேறு சாக்கெட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. ஏஎம்டியோ ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக அறிவித்திருக்கிறது. இன்று ரைசன் 5 7500எஃப் வாங்கினால், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து போர்டையும் ரேமையும் தொடாமல் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாணவர் ஒருவர் வேலைக்குப் போகும் வரையில் இந்தக் கணினியை வைத்திருப்பார் என்றால், முடிந்துபோன சாக்கெட்டில் பணத்தைப் போடுவது சரியாகத் தோன்றவில்லை. ஒரு வேளை செலவைக் குறைக்க ரைசன் 5 8400எஃப் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பிதான், கார்டுக்கும் எட்டு லேன்களே (தரவுப் பாதைகளே) கிடைக்கும். 7500எஃப்பில் கேஷ் 32 எம்பி.

தறிக்காரன் எழுதியது:

நெடுஞ்சாலை சொல்வது 2024இல் கேட்டிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். இன்று அந்தக் கணக்கைக் கெடுப்பது ரேம். 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களுக்கே தங்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதால், டிடிஆர்5 விலை சாதாரண வாங்குபவரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. மைக்ரான் 2025 டிசம்பரில் தன்னுடைய க்ருஷியல் என்ற நுகர்வோர் வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது நினைவிருக்கும். டிடிஆர்4 விலையும் ஏறித்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் வைகைக்கரையிடம் ஏற்கெனவே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 குச்சி இருக்கிறது. அவர் இன்னும் ஒன்றுதான் வாங்க வேண்டும். டிடிஆர்5 மட்டுமே பொருந்தும் ஏஎம்5 பக்கம் போனால் அந்தக் குச்சி பயனற்றதாகி, 16 ஜிபி டிடிஆர்5 முழுவதையும் புதிதாக வாங்க நேரும். அதன் கூடுதல் செலவு எங்கிருந்து வரும்? கார்டிலிருந்துதான். நாளைக்கு மாற்றப்போகும் ப்ராசசருக்காக இன்றைக்கு விளையாட வேண்டிய கார்டைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மேலும், சாக்கெட் முடிந்துவிட்டது என்பதால் வழியே அடைபட்டுவிடவில்லை. அதே எல்ஜிஏ1700 போர்டில் பிறகு பழைய 13ஆம் தலைமுறை ஐ5 ஒன்றை, போர்டிலுள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு, பொருத்திக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலை எழுதியது:

கையில் டிடிஆர்4 குச்சி இருப்பதைக் கணக்கில் கொண்டால் உங்கள் வாதம் சரிதான். எதுவுமே இல்லாமல் தொடங்குபவருக்கு என் கருத்து மாறவில்லை.

கொல்லிமலை எழுதியது:

புதிய கார்டுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டுகளைத் தேடலாம். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எத்தீரியம் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் நின்றுபோனதிலிருந்து அங்கே பழைய கார்டுகளுக்குக் குறைவில்லை. ஆர்எக்ஸ் 580 8 ஜிபியும், ஜிடிஎக்ஸ் 1080 டிஐயும் அந்த விலைக்கு நல்ல வேகம் தரக்கூடியவை.

செம்பருத்தி எழுதியது:

கொல்லிமலை நண்பரின் யோசனையை முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு கார்டுகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை இரண்டிலும் ரே ட்ரேசிங்குக்கான (ஒளியின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரைவதற்கான) வன்பொருள் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அந்த வன்பொருளைக் கட்டாயத் தேவையாக்கிவிட்டன. இனி வரும் பெரிய விளையாட்டுகளில் இது கூடும். தவிர, ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் '2048எஸ்பி' என்று ஒரு வகை உண்டு. உண்மையான 580இல் 2304 ஷேடர்கள் (காட்சியைக் கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்க, இதில் 2048 மட்டுமே. அதாவது 570ஐ 580 என்ற பெயரில் வாங்குவதாகும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அந்த எண் முகப்பிலேயே தெரிந்துவிடும்.

பழைய கார்டு வாங்கியே தீருவது என்றால், கடையிலேயே ஒரு கணினியில் பொருத்தி அரை மணி நேரமாவது சோதனை ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேனை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் கரகரவென்று ஒரு தடுக்கல் விரலுக்குத் தெரியும். பின்பக்கத்தில் ஸ்க்ரூவின் தலைகள் மழுங்கியிருந்தாலும், தெர்மல் பேடுகளிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டின் ஓரத்தில் பிசுபிசுத்திருந்தாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மதுரையிலிருந்து ஒரு மாணவருக்காக வாங்குபவர், கார்டு பழுதானால் சென்னைக்கு அலைய வேண்டும் என்பதால், புதிய கார்டே மேல் என்பது என் எண்ணம்.

வைகைக்கரை எழுதியது:

பழையது வேண்டாம் என்றே வீட்டிலும் சொல்கிறார்கள். இப்போது ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்டிஎக்ஸ் 5050 ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் 3050ஐ வலியுறுத்துகிறார். என்விடியா என்றால் எடிட்டிங்குக்கு நல்லது என்கிறார்.

செம்பருத்தி எழுதியது:

3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கப்படுகின்றன. 2022இல் வந்தது 8 ஜிபி, 128 பிட் நினைவகப் பாதை. 2024இல் வந்தது 6 ஜிபி, 96 பிட், கோர்களும் குறைவு. பின்னது 70 வாட்டில் தனி மின்இணைப்பே இல்லாமல் ஓடும் என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாதவர்களுக்கு அது ஒரு வரம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இவற்றில் எதுவும் விளையாட்டில் ஆர்எக்ஸ் 6600க்கு ஈடாகாது.

6600 என்பது 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு எட்டு பின் இணைப்பு. அது எட்டு பிசிஐஇ (கார்டை போர்டோடு இணைக்கும் தடம்) லேன்களையே பயன்படுத்துவதால் பழைய பிசிஐஇ 3.0 போர்டுகளில் சற்று இழப்பு உண்டு. 12400உடன் எச்610 போர்டில் கார்டு சொருகும் இடம் 4.0 வேகத்தில் இயங்குவதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: 2025 அக்டோபரில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளின் டிரைவரைத் தனிக் கிளையாகப் பிரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், புதிய விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் தந்தார்கள். இருப்பினும் அது 2021இல் வந்த கார்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 5050 அதைவிட வேகமானது. குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ கொண்டு மெருகேற்றும் டிஎல்எஸ்எஸ் வசதியும், நீண்ட டிரைவர் ஆயுளும் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே மூவாயிரம் ரூபாய் அளவில்தான் வித்தியாசம் என்றால் 5050ஐ எடுங்கள். அதற்கு மேல் போனால், 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அந்தப் பணத்துக்கான பலன் கண்ணுக்குத் தெரியாது.

எடிட்டிங் பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. என்விடியாவின் என்கோடர் நல்லதுதான். ஆனால் 12400எஃப்பில் 'எஃப்' என்பது உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. எஃப் இல்லாத 12400இல் யுஎச்டி 730 என்ற உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கிறது. அதனுடன், வீடியோவை விரைவாகக் கையாளும் க்விக் சிங்க்கும் வருகிறது. ப்ரீமியர் போன்ற மென்பொருள்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். இன்னொரு நன்மை, கார்டு வாரண்டிக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாமல் இருக்கும்போது புரியும்: கணினி அதுவரை இருண்டு கிடக்காது, தம்பி ப்ராஜெக்ட் அறிக்கையாவது எழுதலாம்.

தறிக்காரன் எழுதியது:

ரேம் பற்றிய கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. பழைய 2666 குச்சியோடு புதிய 3200 குச்சியைச் சேர்த்தால் இரண்டும் 2666 வேகத்தில்தான் ஓடும். இதைக் காரணம் காட்டிப் பலர் பழையதைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரே 3200 குச்சி நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். 2666 குச்சிகள் இரண்டு ட்யூவல் சேனலில் (இரண்டும் ஒருசேர இயங்கும்போது) 42.6 ஜிபி வரை தரும். ஆகவே பழையது மெதுவானதென்றாலும், அது இருப்பதே இலாபம். எச்610இல் இரண்டு ஸ்லாட்டுகள்தான் உண்டு. இரண்டும் நிரம்பிவிடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். பொருத்திய பிறகு ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓடவிட்டு, பிழை ஒன்றும் வரவில்லை என்று பார்த்த பின்னர் விண்டோஸ் ஏற்றுங்கள்.

கொல்லிமலை எழுதியது:

கேபினெட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. மதுரையின் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், முன்பக்கம் கண்ணாடியால் மூடிய பெட்டிக்குள் ஆறு ஃபேன்கள் சுழன்றாலும் அவை உள்ளிருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி விடும். முன்பக்கம் வலைபோட்ட ஒரு கேபினெட்டும், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சாதாரண ஃபேன்களும் போதுமானவை. 12400உடன் பெட்டியில் வரும் கூலரே அந்த ப்ராசசருக்குப் போதும். பெட்டியில்லாத 'ட்ரே' ப்ராசசரைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால், கூலரைத் தனியாக வாங்க நேரும் என்பதால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எர்த் இணைப்பையும் சோதித்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி மட்டும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அப்போது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் கேபினெட்டில் தங்கி, தொட்டால் சுரீர் என்று உறைக்கும். கணினி பழுது என்று கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் பலர். இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தால் அதிலுள்ள 'யுபிஎஸ் மோடு' ஸ்விட்சைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்த இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

வைகைக்கரை எழுதியது:

வேறொரு கடையில் பேசி முடித்துவிட்டேன். எஃப் இல்லாத ஐ5-12400, எச்610 டிடிஆர்4 போர்டு, புதிதாக 8 ஜிபி 3200 குச்சி ஒன்று, ஆர்எக்ஸ் 6600, 500 ஜிபி என்விஎம்இ, 550 வாட் 'ப்ரான்ஸ்' எஸ்எம்பிஎஸ், வலை முகப்பு கேபினெட். 5050க்கும் 6600க்கும் இடையே செம்பருத்தி சொன்ன அளவைவிடக் கூடுதல் வித்தியாசம் இருந்ததால் 6600ஐயே எடுத்தேன். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

தறிக்காரன் எழுதியது:

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். வாரண்டிக்குப் போகும்போது தேதியுள்ள பில்லைக் கேட்பார்கள். கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி ஆகியவற்றின் சீரியல் எண்களைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாலரண்டுக்காக இன்னொன்று: விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் திறக்காது. பயாஸில் இன்டெல் பிடிடியும் (இன்டெலின் டிபிஎம்) செக்யூர் பூட்டும் இயங்குகின்றனவா என்று விண்டோஸ் ஏற்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகச் சொல்லுங்கள். எஃப் இல்லாத ப்ராசசர் என்பதால் மதர்போர்டில் சொருகினாலும் படம் வரும். தம்பி யுஎச்டி 730இல் சைபர்பங்கைத் திறந்துவிட்டு, கார்டு சரியில்லை என்று இங்கே வந்து புகார் எழுதுவார்.